வீரபத்திரன் சைக்கிளை விட்டு இறங்கிய இரண்டு இடங்கள்

வீரபத்திரனுக்கு அறுபத்தாறு வயதில் மலை மீது ஆசை வந்ததற்கு அவர் பொறுப்பில்லை. நீலாவதிதான் பொறுப்பு.

நீலாவதி அவருடைய மனைவி. கனடாவில் கோட்-டெ-நெய்ஜ் என்ற இடத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு மாடி மாடியாகத் திரிந்தவள். ஓய்வு பெற்ற மறுநாள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், எழுந்தது ஸ்கொட்லாந்தில். திரையில் யாரோ ஒரு வயோதிகத் தம்பதி, சைக்கிளின் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். மழை பெய்தது. அவர்கள் சிரித்தார்கள். இன்னும் மழை பெய்தது. இன்னும் சிரித்தார்கள். மழையில் சிரிக்கிற கிழவனையும் கிழவியையும் அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. இன்வர்னெஸ் என்ற ஊரிலிருந்து மேற்கே புறப்படுவது, ஏரிக்கரைகளால் போவது, ஒரு பெரிய கணவாயால் ஏறிக் கடலுக்கு இறங்குவது, பிறகு தெற்கே திரும்பிக் கிளென்கோ பள்ளத்தாக்கு வரை ஓடுவது. அந்தக் கணவாயின் பெயரை நீலாவதி சொன்ன மாதிரி அந்த ஊர்க்காரர் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அர்த்தம் சரியாகத் தெரியும்: மாடுகளின் கணவாய். ஒரு காலத்தில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போன பாதையாம்.

"மாடே ஏறுதெண்டால் நாங்கள் ஏற மாட்டமோ?" என்றார் வீரபத்திரன்.

"மாட்டுக்கு நாலு கால்," என்றாள் நீலாவதி.

இருவருக்கும் சைக்கிள் வந்தது. பைகள் வந்தன. பிறகு பனிக்காலம் வந்தது. மாசி மாதம் ஒருநாள் கடையிலிருந்து சாமான் தூக்கிக்கொண்டு படி ஏறிய நீலாவதி, வீட்டு வாசலில் பைகளை ஒழுங்காகச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு விழுந்தாள். இதயம். ஒரு முட்டைகூட உடையவில்லை என்பதை வீரபத்திரன் அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம், நீலாவதியின் முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசத்தன்று, சாப்பாடு முடிந்து பாயாசம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அவர் தொண்டையைச் செருமினார்.

"ஆனியில நான் ஸ்கொட்லாந்து போறன். சைக்கிளில."

மேல் வீட்டு யோசெப்பின்தான் முதலில் வாய் திறந்தாள். நீலாவதியோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், நல்ல மனம், நினைத்ததை நினைத்த உடனே சொல்லிவிடுவாள்.

"சைக்கிளிலயோ? நடுவில கடல் கிடக்கே அண்ணை?"

கடலைப் பிளேனால் கடப்பதாக விளக்கப்பட்டது. அதன் பிறகு எல்லோரும் மகள் ஜெயனியைப் பார்த்தார்கள். ஜெயனி பாயாசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தனியவோ?"

"ஓம்."

"அங்க உங்களுக்கு ஆரைத் தெரியும்?"

"ஆரையும் தெரியாது. மலையைத்தானே பார்க்கப் போறன்."

ஜெயனி சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துக் கொம்பனியில் வேலை செய்தாள். எந்த மருந்தையும் சோதிக்காமல் வெளியே விடாத இடம். அப்பாவையும் அப்படியே நடத்துவதென்று முடிவு செய்தாள். நகரின் நடுவே நிற்கும் மவுண்ட் றோயல் மலைக்குக் கிழக்குப் பக்கத்தால் ஏறும் பெரிய ரோட்டு இருக்கிறதல்லவா, அதில் அடியிலிருந்து உச்சிவரை ஏற வேண்டும். பைகளில் முழுப் பாரம் இருக்க வேண்டும். ஒரு இடத்திலும் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் ஸ்கொட்லாந்து இல்லை.

"பேந்து கதை மாத்தக் கூடாது," என்றார் வீரபத்திரன்.

"நீங்களும் மாத்தக் கூடாது."

வீரபத்திரனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கா சைக்கிள் சோதனை? அரிசி, விறகு, கர்ப்பிணி, ஒருமுறை ஒரு தையல் மெசின், எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றியவர் அவர். ஆனால் ஒரு சின்ன விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிள் ஓடப் பழக்க வேண்டியதில்லை. ஏற்றம் என்றால் என்னவென்றுதான் பழக்க வேண்டும். அவர் வளர்ந்த இடத்தில் ஆக உயரமான ஏற்றம் மதகு.

இரண்டு மாதம் பயிற்சி நடந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் பாதைக்கு அடியால் இறங்கி ஏறும் ரோட்டில் போனார், வந்தார், போனார், வந்தார். மூலையில் டெப்பனர் என்ற சில்லறைக் கடை வைத்திருந்த கிரேக்கக் கிழவர், இந்த மனிதர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, ஒருநாள் தானும் வெளியே வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கியர் மாற்றுவதற்கு வீரபத்திரனின் மனம் முதலில் இடம் கொடுக்கவில்லை. அது லஞ்சம் கொடுத்துக் காரியம் பார்ப்பது போலிருந்தது. முழங்கால்கள் எடுத்துச் சொன்ன பிறகு மாற்றப் பழகிக்கொண்டார்.

சோதனை நாள் ஒரு சனிக்கிழமை காலை. பாரம் என்று ஜெயனி பக்கத்துக்கு ஒரு மூட்டை சிவப்பரிசி வைத்துப் பையைப் பூட்டினாள். அவளுடைய கணவன் தனோஜன் காரை ஓட்ட, அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியபடி பின்னால் வந்தாள். தனோஜன் இந்தக் குடும்பத்தில் ஒருநாளும் அபிப்பிராயம் சொன்னதில்லை. அதனால்தான் நன்றாக இருந்தான்.

முதல் வளைவு வரை வீரபத்திரன் பாட்டு முணுமுணுத்தார். அதற்குப் பிறகு பாட்டு நின்றது. இறுகிய உடுப்புப் போட்ட இளம் பிள்ளைகள் அம்பு மாதிரிக் கடந்து போனார்கள். "பொன் குராஜ், மெசியூ!" என்று பிரெஞ்சில் உற்சாகம் சொன்னாள் ஒருத்தி. "மெர்சி," என்று நன்றி சொன்னார். அடுத்தவனுக்குத் தலையை ஆட்டினார். அதற்கடுத்தவனுக்கு ஆட்டவும் தலை வரவில்லை. ஆனால் கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. மெதுவாக, மாவாட்டுகிற மாதிரி. காரின் பக்கக் கண்ணாடியில் ஜெயனியின் முகம் மாறத் தொடங்கியதைத் தனோஜன் கண்டான். வழக்கம் போல ஒன்றும் சொல்லவில்லை.

நகரம் முழுவதையும் பார்க்கிற மாதிரி ஒரு மேடை அந்த ரோட்டுக் கரையில் இருக்கிறது. அதை நெருங்கியபோது வீரபத்திரன் நிமிர்ந்து பார்த்தார். மேடைக்கு முன்னால், ரோட்டோரமாக, ஒரு மடக்குக் கதிரை. கதிரையில் வெள்ளைச் சேலை. சேலைக்கு மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கறுப்புக் கைப்பை. கைப்பைக்கு மேலே, அவரைத் துளைத்துக்கொண்டு, ஒரு சோடி மூக்குக்கண்ணாடி.

திரேசம்மா ரீச்சர்.

ஐந்தாம் வகுப்பில் அவருக்குக் கணக்குப் படிப்பித்தவர். இங்கே சனிக்கிழமைப் பள்ளியில் ஜெயனிக்குத் தமிழும் படிப்பித்தவர். எண்பதைத் தாண்டிய வயது. பார்க் எக்ஸ்டென்ஷனில் தள்ளித் தள்ளி நடக்கும் சில்லுக் கைத்தள்ளியைப் பிடித்துக்கொண்டு அவர் வீதியைக் கடக்கும்போது பஸ் சாரதிகளே நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிப்பித்தவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இதை யாரும் அவருக்குச் சட்டமாகச் சொல்லித் தரவில்லை. சூடு பட்டால் கையை எடு என்று யாரும் சொல்லித் தருவதில்லையே, அதைப் போல. வீரபத்திரன் யோசித்து இறங்கினார் என்று சொன்னால் பொய். அவருடைய மூளை "ஐயோ, வேண்டாம்!" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே வலது கால் பின்னால் சுழன்று, சீற்றைத் தாண்டி, நிலத்தில் நின்றது. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைத்தார்.

"வணக்கம், ரீச்சர்."

"ஆர், வீரபத்திரனே? சைக்கிள் ரேஸ் நடக்குதெண்டு உன்ர மகள் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினது. ரேஸ் எங்க?"

"நான்தான் ரீச்சர், ரேஸ்."

"மற்ற ஆக்கள்?"

"முன்னுக்குப் போயிட்டினம்."

கார் வந்து நின்றது. ஜெயனி இறங்கினாள். "அப்பா, கால் ஊண்டியாச்சு," என்றாள். வெற்றி பெற்றவளின் குரல் அல்ல அது. நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

ரீச்சருக்குத் துணையாக வந்து பின்னால் நின்ற யோசெப்பின், தன் வழக்கப்படி, நினைத்ததை அந்தக் கணமே சொன்னாள். "அண்ணை, நான் ஒரு விசரி. அப்பா ஆருக்குக் கட்டாயம் இறங்குவார் எண்டு பிள்ளை நேற்றுக் கேட்டது. எனக்கு விளங்கேல்லை. ரீச்சருக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

திரேசம்மா ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார். அவரிடம் படித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஜெயனி ஒரு அடி பின்வாங்கினாள்.

"அப்ப என்னை வைச்சுத்தான் தகப்பனை விழுத்தினனியோ?"

"ரீச்சர், அது..."

"கள்ளம் செய்தது நீ. பெயில் ஆனது அவரோ? எந்தப் பள்ளிக்கூடத்தில உப்பிடி?"

"இல்லை ரீச்சர், ஆனா..."

"வாற சனி திரும்பச் சோதினை. இதே ரோட்டு. இதே அரிசி. எடேய் வீரபத்திரன்!"

"ஓம் ரீச்சர்."

"வாற சனி என்னைக் கண்டால் இறங்காதை. நான் உத்தரவு தாறன்."

வீரபத்திரனுக்கு அது பெரிய விஷயம். "மனம் கேட்காதே, ரீச்சர்."

"மனம் கேட்காட்டிப் பெல்லை அடி."

சைக்கிளில் பெல் இல்லை. யோசெப்பின் அன்று பின்னேரமே கிறிஸ்து பிறப்புக்கு மரம் சோடிக்கும் தன் நத்தார்ச் சாமான் பெட்டியைக் கிண்டி, சிவப்பு நாடா கட்டிய ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து கைபிடியில் கட்டிவிட்டாள்.

ஆனால் வீரபத்திரனுக்கு ஒரு பயம் பிடித்துவிட்டது. ரீச்சர் சரி. ரோட்டில் இன்னும் யார் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஜெயனிக்குத் தாயின் மூளை. ஆகவே அந்தக் கிழமை முழுக்க, தான் இறங்க வேண்டிய மனிதர்களின் வீடு வீடாகப் போய், இறங்காமல் இருக்க முன்கூட்டியே அனுமதி கேட்டார்.

நீலாவதியின் தமையன், பெரியத்தான், தேநீரை உறிஞ்சியபடி வெகுநேரம் யோசித்தார். "இறங்காட்டியும் பரவாயில்லை. தலையை ஒருக்கா ஆட்டிப்போட்டுப் போ. சும்மா போனியெண்டால் ஆக்கள் என்னை என்ன நினைப்பினம்?"

கோயில் ஐயர் உடனே சம்மதித்தார். "நான் காரிலதானே திரியிறன். காருக்கு ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை."

முந்தைய தபாலதிபர் ஒருவர், ஊரில் எல்லோரையும் மிரட்டியவர், வீரபத்திரன் கேட்டதும் கண் கலங்கினார். கனடாவுக்கு வந்ததிலிருந்து தனக்காக ஒருவர்கூடச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்றும், இறங்காமல் போவதற்காவது ஒருவர் வந்து கேட்டாரே என்றும் சொல்லி, பலகாரம் கொடுத்து அனுப்பினார்.

இப்படி வீடு வீடாகப் போனதன் பலன் அவர் எதிர்பார்க்காதது. சனிக்கிழமை காலை அவர் மலையடிக்கு வந்து பார்த்தால், ரோட்டோரம் நெடுகிலும் மடக்குக் கதிரைகள். அனுமதி கொடுத்தவர்கள் அத்தனை பேரும், தாங்கள் கொடுத்த அனுமதி நிறைவேறுகிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். காருக்கு இறங்கத் தேவையில்லை என்று சொன்ன ஐயர் காரை நிறுத்திவிட்டு வெளியே இறங்கி நின்றார். யாரோ வடை பங்கிட்டார்கள். ஜெயனி கார் யன்னலால் பார்த்தாள்.

"இது என்ன, தேர்த் திருவிழாவோ?"

தனோஜன், கலியாணம் முடித்த பிறகு முதல் தடவையாக, ஒரு அபிப்பிராயம் சொன்னான். "மாமா ஏறிடுவார் போல கிடக்கு."

ஏறத்தான் ஏறினார். தபாலதிபருக்கு ஒரு மணி. அவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். ஐயருக்கு ஒரு மணி. பெரியத்தானுக்கு ஒரு மணியும் ஒரு தலையாட்டலும்; அவர் சுற்றியிருந்தவர்களை, "பார்த்தியளோ?" என்பது போல ஒரு பார்வை பார்த்தார். இறுகிய உடுப்புப் பிள்ளைகள், என்ன விசேஷம் என்று விளங்காமல், தாங்களும் கைதட்டிக்கொண்டு போனார்கள். பார்வை மேடை வந்தது. ரீச்சரைக் கண்டதும் வலது கால் துள்ளியது. வீரபத்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு மணியை அடி அடியென்று அடித்தார்.

"காணும், காணும்! காது செவிடாப்போகும்!" என்றார் ரீச்சர். "முன்னுக்குப் பார்த்து ஓடு!"

மேடையைத் தாண்டினால் கதிரைகள் இல்லை. இரு பக்கமும் பாறையும் மரமும். தனி ரோட்டு. பின்னால் காரில் மகளும் மருமகனும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய தொடைகள் எரிந்தன. கண்ணுக்குள் வியர்வை போய்க் கரித்தது. ஆனால் இதற்குப் பிறகு இன்வர்னெஸ், ஏரிக்கரை, மாடுகளின் கணவாய். நீலாவதியின் மழை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மிதித்தார்.

அப்போது பின்னால் பல வாகனங்கள் மெதுவாக வருகிற சத்தம் கேட்டது. தனோஜனின் கார் ஓரம் கட்டியது. நீளமான கறுப்பு வாகனம் ஒன்று, விளக்குகளைப் போட்டபடி, அவரை ஒட்டி வந்தது. கண்ணாடிக்கு உள்ளே பூக்கள். பூக்களுக்குக் கீழே பெட்டி. மலைக்கு மறுபக்கத்தில் இருக்கும் மயானத்துக்குப் போகும் யாரோ.

சவம் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். பகையாளியின் சவமானாலும் நிற்க வேண்டும். வீரபத்திரன் அந்தக் கிழமை முழுக்க அலைந்து, உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரிடமும் அனுமதி வாங்கியிருந்தார். இவரிடம் வாங்கவில்லை.

ரீச்சருக்கு இறங்கியபோது கால் அவரைக் கேட்கவில்லை. இப்போது கேட்டது. ஒரு மிதி மிதிக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் அவருக்கு இருந்தது. உச்சியைப் பார்த்தார். பக்கத்தில் ஊர்ந்த பூக்களைப் பார்த்தார். இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு, பிறேக்கைப் பிடித்து, இறங்கி, ஓரத்தில் ஒதுங்கி நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றப் போனால் வார் கழன்று வரவில்லை. இழுத்தார். கவசம் ஒரு காதின் மேல் வந்து சிக்கிக்கொண்டது. அந்தக் கோலத்தில், அரிசி மூட்டைகளுக்கும் நத்தார் மணிக்கும் நடுவில், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டாவது காரில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, அவரைத் தாண்டிப் போகும்வரை எடுக்கவே இல்லை.

வாகனங்கள் போய் முடிந்தன. ஜெயனி நடந்து வந்தாள். வந்து, கவசத்தின் வாரைக் கழற்றி அவருடைய காதை விடுவித்தாள்.

"நான் இதை ஏற்பாடு செய்யேல்லை அப்பா. சத்தியமா."

"தெரியும்."

"கால் ஊண்டியாச்சு."

"ஓம். ஊண்டித்தான் நிக்கிறன்."

ஜெயனி கவசத்தைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா அண்டைக்குப் படியில ஒருக்கா நிண்டிருக்கலாம்," என்றாள். "ஒருக்கா இருந்து மூச்சு எடுத்திருக்கலாம். நிக்க மாட்டா. நீங்களும் அந்த மாதிரித்தான் எண்டு பயந்தனான். அந்த மலையில நெஞ்சைப் பிடிச்சாலும் மிதிச்சுக்கொண்டே போவியள். பக்கத்தில ஒருத்தரும் இருக்க மாட்டினம்."

வீரபத்திரன் முகத்து வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தார்.

"ரீச்சருக்கு இறங்கினியள். ஆரெண்டே தெரியாத ஒரு சவத்துக்கு, தோத்துப்போவன் எண்டு தெரிஞ்சும் இறங்கினியள். உங்களுக்காக ஒருக்கா இறங்குவியளோ?"

"இறங்குவன்."

"பொய்."

"பொய்யில்லை பிள்ளை. இறங்கி, ஆரும் காணினமோ எண்டு சுத்திப் பார்ப்பன். பேந்து இருப்பன். ஆறின பிறகு ஏறுவன். ஏலாட்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பன். மாடு சைக்கிளிலயே ஏறினது? நடந்துதானே ஏறினது."

ஜெயனி சிரிக்கப் பார்த்தாள். அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கைச் சீற வேண்டியதாயிற்று. "ஒவ்வொரு பின்னேரமும் கோல் எடுக்கோணும்."

"அங்க சில இடத்தில போன் வேலை செய்யாதாம்."

"அப்ப வேலை செய்யிற இடத்துக்கு உருட்டிக்கொண்டு போய் எடுங்கோ."

கீழேயிருந்து யோசெப்பின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். பாதி வழியில் நின்று, மேலே பார்த்துக் கத்தினாள்.

"அண்ணை! ரீச்சர் கேக்கிறா! பாஸோ பெயிலோ?"

வீரபத்திரன் மகளைப் பார்த்தார். நீதிபதி அவள்தானே.

"பெயில்!" என்று கத்தினாள் ஜெயனி. "ஆனா போறார்!"

யோசெப்பின் திரும்பி, அதைவிடப் பெரிய குரலில், கீழே கதிரைகளை நோக்கி அறிவித்தாள். "பெயிலாம்! ஆனா போறாராம்!"

கீழே ஒரு ஆரவாரம் எழுந்தது. அதற்கு மேலால், கணக்குப் படிப்பித்த குரல் ஒன்று தெளிவாக ஏறி வந்தது.

"உது என்ன மார்க் போடுற முறை? அவளை இஞ்ச வரச் சொல்லு!"

ஜெயனி அவசரமாகச் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்தாள். "உருட்டுங்கோ அப்பா, உருட்டுங்கோ. ரீச்சர் வாறதுக்குள்ள மேல போயிடுவம்."